மக்களோடு சேர்ந்து செய்யும் கலை: அறக்கட்டளை நடத்துவோர் கேட்ட கேள்விகள்

ஒரு தெருவோடு, ஒரு தொழிலாளர் குடியிருப்போடு, ஒரு பள்ளியோடு மாதக்கணக்கில் சேர்ந்து உருவாகும் கலைக்கு நிதி தரும் லாபநோக்கற்ற அறக்கட்டளைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேரிடம் ஒரு தொகை சேர்ந்திருக்கிறது. சமூகக் கலைக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்க ஆசை. முதலில் பதிவு செய்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாமா?

பதில்: பதிவு கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். மூலதனத்தைக் கரைக்காமல் நடத்துவதென்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு 4 பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது பத்திரம். அந்த 4 பங்கில் அலுவலகம், தணிக்கை, ஓர் ஊழியரின் சம்பளம் போக 3 பங்கு மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். அதைக்கொண்டு இரண்டு கலைஞர்களுக்காவது பதினெட்டு மாதச் சம்பளமும் திட்டச் செலவும் கொடுக்க முடியுமா? முடியாதென்றால் நிரந்தர மூலதனம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். மொத்தத் தொகையையும் எட்டுப் பத்து ஆண்டுகளில் செலவழித்து முடிக்கும் அறக்கட்டளையாக நடத்துங்கள். சின்னத் தொகைக்கு அதுதான் சரியான வழி என்பது எங்கள் கருத்து. வருமானத்தை மட்டும் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தால் சுவரோவியத்துக்குப் பெயின்ட் வாங்கத்தான் போதும். ஒரு கலைஞர் அந்த மக்களோடு தங்கியிருந்து வேலை செய்யப் போதாது.

மூலதனத்தோடுதான் நடத்துவோம் என்பவர்கள், ஆண்டுச் செலவை அந்த ஆண்டின் மதிப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி மதிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சந்தை ஒரு முறை சரிந்தாலும் கொடுத்த வாக்கை மீற வேண்டி வராது. இரண்டு ஆண்டு நிதியுதவிக்குக் கையெழுத்துப் போட்டால் இரண்டாம் ஆண்டுப் பணத்தையும் அன்றே தனியாக ஒதுக்கிவிட வேண்டும். அடுத்த ஆண்டு நன்கொடை வரும் என்ற நம்பிக்கையில் வாக்குக் கொடுப்பதுதான் சிறிய அறக்கட்டளைகளைக் கவிழ்க்கிற முதல் காரணம்.

பதிவுக்கு முன் இன்னொரு வழியும் இருக்கிறது. ஏற்கெனவே பதிவு பெற்ற ஒரு நல்ல அமைப்பின் குடைக்கீழ் முதல் இரண்டு சுற்றுகளை நடத்திப் பார்க்கலாம். கணக்கு, தணிக்கை, வரி வேலைகளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கையாளும் தொகையில் 5 முதல் 10 சதவீதம் கட்டணம் கேட்பது வழக்கம். உங்கள் பணத்துக்குத் தனிக் கணக்கேடு, விலகினால் மீதித் தொகை எங்கே போகும், தேர்வு முடிவு யார் கையில், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அறங்காவலர்கள் ஐந்து அல்லது ஏழு பேர் போதும். பதவிக்காலம் மூன்று ஆண்டு, அதிகபட்சம் இரண்டு முறை. எல்லோரும் ஒரே நாளில் ஓய்வு பெறாமல் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பகுதியினர் மாறும்படி அமைத்தால் பழைய முடிவுகளின் காரணம் தெரிந்தவர் எப்போதும் மேசையில் இருப்பார். இரண்டு பேர் இப்போதும் வேலை செய்துகொண்டிருக்கும் கலைஞர்களாகவும், ஒருவர் மக்கள் அமைப்புகளில் நெடுநாள் புழங்கியவராகவும், ஒருவர் கணக்கு தெரிந்தவராகவும் இருக்கட்டும். நிறுவியவர்களும் அவர்கள் வீட்டாரும் பெரும்பான்மையாக இருக்கக் கூடாது. தனக்கு வேண்டியவரின் விண்ணப்பம் வரும்போது அறங்காவலர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். அவர் போனதும் வந்ததும் கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும்.

கேள்வி: எங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் பாதி வெறும் சமூக சேவைபோல இருக்கிறது. மீதி, மக்களைப் பின்னணியில் நிறுத்திப் படம் எடுப்பதுபோல இருக்கிறது. எதற்குப் பணம் கொடுப்பது?

பதில்: இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். கலைஞர் விலகி, அந்த இடத்துக்கு ஒரு சமூகப் பணியாளர் வந்தால் திட்டம் அப்படியே நடக்குமா? நடக்கும் என்றால் அதைச் சேவை அமைப்புகளிடம் அனுப்பலாம். அந்த மக்கள் விலகி, வேறு ஊரின் மக்கள் வந்தால் எதுவும் மாறாதா? மாறாது என்றால் அவர்கள் அங்கே அலங்காரத்துக்கு இருக்கிறார்கள்.

வியன்னாவின் வோகன்கிளவுசூர் என்ற கலைஞர் குழு 1994-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் செய்ததைப் பாருங்கள். போதைப்பழக்கத்தில் சிக்கிய பாலியல் தொழிலாளர்களுக்குத் தங்க இடமில்லை. அதைப் பற்றி மேடையில் வாயே திறக்க முடியாத அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள், களப்பணியாளர்கள், அந்தப் பெண்கள் எல்லோரையும் சிறு சிறு குழுவாக ஒரு படகில் ஏற்றி ஏரியில் சுற்றவிட்டுப் பேசவைத்தார்கள். பேச்சின் முடிவில் அந்தப் பெண்களுக்கு ஒரு தங்கும் விடுதி கிடைத்தது. விடுதி சேவை, படகு கலை. யார் யாரோடு, எங்கே, யார் காதில் விழாமல் பேசலாம் என்பதைக் கலைஞர்கள்தான் அப்படி வடிவமைத்தார்கள். விண்ணப்பத்தில் நீங்கள் தேட வேண்டியது அந்தப் படகைத்தான்.

கேள்வி: விண்ணப்பப் படிவத்தில் முப்பது கேள்விகள் வைத்திருக்கிறோம். நல்ல கலைஞர்கள் விண்ணப்பிக்க மாட்டேன் என்கிறார்கள். ஏன்?

பதில்: 200 பேர் விண்ணப்பிக்கிறார்கள், ஆளுக்கு 40 மணி நேரம் செலவிடுகிறார்கள், ஐந்து பேருக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து திட்டங்களுக்காக 8,000 மணி நேரக் கலைஞர் உழைப்பைத் துறையிலிருந்து உறிஞ்சியிருக்கிறீர்கள். அதில் 7,800 மணி நேரம் கூலியில்லாமல் போனது. இதையே இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். முதல் கட்டத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் அல்லது ஐந்து நிமிட ஒலிப்பதிவு. நான்கு மணி நேர வேலை. அதிலிருந்து 15 பேரை மட்டும் விரிவாக எழுதச் சொல்லுங்கள். ஆளுக்கு 30 மணி நேரம். மொத்தம் 1,250 மணி நேரம்தான். அந்தப் பதினைந்து பேருக்கும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், எழுதிய நேரத்துக்கு ஒரு தொகை கொடுங்கள்.

ஒலிப்பதிவை ஏற்பதற்கு வேறொரு பலனும் உண்டு. எழுத்தில் தடுமாறுகிற, பேச்சில் பளிச்சென்று இருக்கிற கலைஞர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர். நிராகரிக்கும்போது இரண்டு வரியில் காரணம் சொல்லுங்கள். "விண்ணப்பங்கள் அதிகம் வந்ததால்" என்பது யாருக்கும் உதவாத வரி.

கேள்வி: தேர்வுக்குழு நேரில் போய்ப் பார்ப்பது அவசியமா? போனால் எதைப் பார்ப்பது?

பதில்: இறுதிச் சுற்றில் இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் போக வேண்டும். இரண்டு பேர் போதும். ஆறு பேராகப் போனால் வரவேற்பு ஏற்பாடாகிவிடும். அரை நாளாவது இருங்கள். அதில் ஒரு மணி நேரம் கலைஞர் கூட இல்லாமல் அங்குள்ள மக்களோடு உட்கார வேண்டும். இதை முன்கூட்டியே கலைஞரிடம் சொல்லிவிடுங்கள், சந்தேகப்படுவதுபோல ஆகிவிடக் கூடாது.

கேட்க வேண்டியவை எளிமையானவை. இவரை யார் அழைத்தார்கள், இவராக வந்தாரா? போன மாதம் இவர் சொன்ன யோசனை எதையாவது வேண்டாம் என்று சொன்னீர்களா, அப்போது என்ன ஆனது? இரண்டாவது கேள்விக்கு ஒரு நிகழ்ச்சி பதிலாக வந்தால் உறவு உண்மையானது. "அவர் சொல்வதெல்லாம் நல்லதுதான்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னால் இன்னும் பழக்கம் முற்றவில்லை என்று பொருள். அறையின் சாவி யார் கையில் இருக்கிறது என்று கவனியுங்கள். கூட்டத்துக்கு வரச்சொல்லிச் செய்தி யாருடைய தொலைபேசியிலிருந்து போகிறது என்று கேளுங்கள். இரண்டுமே கலைஞர் கையில் என்றால், அவர் காய்ச்சலில் படுத்த அன்றைக்குத் திட்டமும் படுத்துவிடும்.

குழுவில் ஐந்து பேர் என்றால் இரண்டு பேர் இத்தகைய திட்டங்களில் பங்கேற்ற மக்களாக இருக்கட்டும். எல்லோருக்கும் ஒரே சன்மானம். கூடுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ஆனால் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஒருவர் 9, இன்னொருவர் 3 போட்ட விண்ணப்பத்தைத்தான் முதலில் விவாதிக்க வேண்டும். சராசரி எடுத்தால் எல்லோரும் 7 போட்ட, யாரையும் சீண்டாத திட்டமே எப்போதும் வெல்லும்.

கேள்வி: நிதியைப் பொருள்களுக்கும் நிகழ்ச்சிக்கும் மட்டும் கொடுக்கிறோம். கலைஞரின் ஊதியம் அவருடைய பொறுப்பு என்பது எங்கள் விதி. இது சரியா?

பதில்: தவறு, மாற்றிவிடுங்கள். கலைஞருக்கு ஊதியம் இல்லையென்றால் வீட்டில் வசதி இருப்பவர் மட்டுமே இந்த வேலைக்கு வர முடியும். லாபநோக்கற்ற கலை நிறுவனங்களே கலைஞர்களுக்குக் கூலி கொடுக்காமல் காலம் தள்ளுவதை எதிர்த்து 2008-இல் நியூயார்க்கில் வேஜ் என்ற கலைஞர் அமைப்பு தொடங்கியது. ஒழுங்காக ஊதியம் தரும் நிறுவனங்களுக்குச் சான்றளிக்கும் ஏற்பாட்டையும் பிறகு கொண்டுவந்தது. மக்களோடு செய்யும் கலையில் சிக்கல் இன்னும் பெரிது. இங்கே கலைஞரின் நேரம்தான் முக்கியப் பொருள்.

பதினெட்டு மாதத் திட்டத்துக்கு 100 பங்கு என்று வைத்து ஒரு பங்கீடு சொல்கிறோம், உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கலைஞர் ஊதியம் 30. உள்ளூர் ஒருங்கிணைப்பாளருக்கு 15. இவர் அந்த மக்களிலேயே ஒருவராக, சம்பளம் பெறுபவராக இருக்க வேண்டும். பங்கேற்பவர்களின் அன்றாடப் படி, போக்குவரத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவு எல்லாம் சேர்ந்து 12. பொருள்கள் 15. இடவாடகை, காப்பீடு 6. ஆவணப்படுத்தல் 7. எதிர்பாராச் செலவு 8. முடிவுக்கட்டச் செலவு 7.

அடிக்கடி வெட்டப்படுவது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவு. அதை வெட்டினால் என்ன ஆகும் என்பது மூன்றாவது கூட்டத்திலேயே தெரியும்: இளம் தாய்மார்கள் நின்றுவிடுவார்கள். பெண்கள் ஆர்வம் காட்டவில்லை என்று அறிக்கையில் எழுதுவார்கள். இன்னொன்று முடிவுக்கட்டச் செலவு. கடைசி நிகழ்ச்சிக்குப் பிறகு மூன்று மாதம் கலைஞர் அங்கே போய்வர வேண்டும்: வாடகை இடத்தைக் காலி செய்ய, பதிவுகளை ஒப்படைக்க, கடன்பட்ட கடைக்காரருக்குப் பாக்கி தீர்க்க. அதற்குப் பணம் இல்லாத திட்டங்கள் திறப்பு விழாவோடு காணாமல் போகின்றன. அடுத்த கலைஞர் வரும்போது அந்தத் தெரு கதவைத் திறப்பதில்லை.

தவணையையும் பாருங்கள். பாதித் தொகையை இறுதி அறிக்கை வரும்வரை பிடித்துவைப்பது பல இடங்களில் பழக்கம். அப்படிச் செய்தால் உங்கள் அறக்கட்டளைக்குக் கலைஞர் கடன் கொடுக்கிறார் என்றுதான் அர்த்தம். கையெழுத்தானதும் 50, நடுவில் ஓர் உரையாடலுக்குப் பிறகு 40, முடிந்ததும் 10 என்று கொடுங்கள். முதல் நான்கு மாதத்தில் பார்வைக்கு வைக்க எதுவும் வராது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அந்த மாதங்கள் பேசிப் பழக, யாருக்கு யாரோடு மனத்தாங்கல் என்று தெரிந்துகொள்ள. அவசரப்படுத்தினால், ஊரில் சத்தமாகப் பேசுகிறவரோடு மட்டும் வேலை நடக்கும்.

கேள்வி: மாதாமாதம் அறிக்கை கேட்கலாமா?

பதில்: வேண்டாம். காலாண்டுக்கு ஒரு முறை ஒரு மணி நேரத் தொலைபேசிப் பேச்சு போதும். குறிப்பை உங்கள் ஊழியர் எழுதி, கலைஞருக்கு அனுப்பித் திருத்தம் வாங்கட்டும். செலவுக் கணக்கை மட்டும் அரையாண்டுக்கு ஒரு முறை பற்றுச்சீட்டோடு கேளுங்கள்.

கேள்வி: நன்கொடையாளர்களுக்குக் காட்டப் படங்கள் தேவைப்படுகின்றன. பங்கேற்பாளர்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அது போதாதா?

பதில்: ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் அடக்கியிருந்தால் போதாது. ஒப்புதல் தாளில் மூன்று கட்டங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும்: ஆவணக் காப்புக்கு மட்டும், அச்சிலும் இணையத்திலும் வெளியிட, நிதி திரட்ட. ஒன்றுக்குச் சரி என்றவர் இன்னொன்றுக்கு வேண்டாம் எனலாம். படம் எடுக்கும்போது ஒரு முறை, வெளியிடும் முன் அந்தப் படத்தையே காட்டி இன்னொரு முறை என இரண்டு தடவை கேட்க வேண்டும். குழந்தை என்றால் பெற்றோர் சொன்னால் மட்டும் போதாது, குழந்தையும் சரி என்று சொல்ல வேண்டும். பிறகு மனம் மாறினால் யாரைக் கூப்பிடுவது என்ற தொலைபேசி எண் தாளின் கீழே இருக்கட்டும், தாளின் ஒரு பிரதி அவர்கள் கையில் இருக்கட்டும்.

வழக்கு, மிரட்டல், குடியுரிமைச் சிக்கல், வீட்டு வன்முறை இவற்றில் ஏதாவது சூழ்ந்திருக்கும் இடத்தில் முகம் வரவே கூடாது. கைகள், முதுகு, குரல் போதும். குரலும் அடையாளம் காட்டும் என்றால் எழுத்தாக்கிப் போடுங்கள். பலரும் தவறவிடுவது ஒன்று: கைப்பேசிப் படத்தின் கோப்புக்குள்ளேயே எடுத்த இடம் பதிவாகியிருக்கும். இடக்குறிப்பை அணைத்துவிட்டு எடுக்கவும், ஏற்கெனவே எடுத்தவற்றில் அதை நீக்கிவிட்டு வெளியிடவும் ஊழியருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: "எத்தனை பேர் பயனடைந்தார்கள்?" என்று நன்கொடையாளர் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: எண்ணைச் சொல்லுங்கள், ஆனால் அந்தக் கலையிலிருந்தே பிறக்கும் எண்ணைச் சொல்லுங்கள். நியூயார்க்கின் துப்புரவுத் துறையில் 1977 முதல் உறைவிடக் கலைஞராக, அதாவது துறையோடு இணைந்து வேலை செய்யும் கலைஞராக, இருந்த மியர்ல் லேடர்மன் யூகலிஸ், 1979-80-இல் அந்த நகரின் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களையும் நேரில் பார்த்து, கைகுலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார். அங்கே 8,500 என்பதே கலை. ஒருவரை விட்டிருந்தாலும் அது குறைப்பட்டிருக்கும். ஒரு நாடகத்துக்கு 500 பேர் வந்தார்கள் என்பது அப்படிப்பட்ட எண் ஆகாது.

யோசெஃப் பாய்ஸ் என்ற கலைஞர் 1982-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் 7,000 ஓக் மரங்கள் நடும் திட்டத்தைத் தொடங்கியபோது, 7,000 எரிமலைக் கற்களை அருங்காட்சியகத்தின் முன்னே குவித்தார். ஒரு மரம் நட்டால் ஒரு கல் அதன் அருகே போக வேண்டும். வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று தெருவில் போகிற யாரும் கற்குவியலைப் பார்த்தே சொல்லிவிடலாம். பாய்ஸ் 1986-இல் இறந்தார். குவியல் அங்கேயே கிடந்து ஊரை நச்சரித்தது. 1987-இல் கடைசி மரத்தை அவர் மகன் நட்டார். தொடக்கப் பணம் கொடுத்தது டியா கலை அறக்கட்டளை. உங்கள் திட்டத்தின் கற்குவியல் எது என்று தொடக்கத்திலேயே கலைஞரோடும் மக்களோடும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

அதற்கு மேல் மூன்று உரையாடல்கள் வேண்டும்: தொடக்கத்தில், நடுவில், முடிந்து ஓராண்டு கழித்து. அதே பத்துப் பேரிடம், அதே கேள்விகள், கலைஞரும் நீங்களும் அல்லாத ஒருவர் கேட்க வேண்டும். மூன்றாவது உரையாடலுக்கான பணத்தை முதல் நாளே ஒதுக்காவிட்டால் அது நடக்கவே நடக்காது.

கேள்வி: ஒரு நன்கொடையாளர், சுவரோவியத்தில் தன் நிறுவனச் சின்னம் வர வேண்டும், அதில் உள்ள ஒரு வாசகத்தை எடுத்துவிட வேண்டும் என்கிறார்.

பதில்: சின்னம் அழைப்பிதழில் வரலாம், படைப்பில் வரக் கூடாது. வாசகத்தை எடுக்கச் சொல்லும் உரிமை அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. இதை நன்கொடை வாங்குவதற்கு முன் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பணம் வந்த பிறகு சொன்னால் சண்டையாகத்தான் முடியும். மறுத்தால் நின்றுபோகக்கூடிய அளவுக்கு ஒரே நன்கொடையாளரை நம்பியிருக்காதீர்கள். ஆண்டு வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருவரிடமிருந்து வந்தால் அதை ஆபத்து அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் நிதி கொடுத்த ஒரு திட்டம் நன்றாக வேர்விட்டு, இப்போது கட்டடம் வாங்க வேண்டும் என்கிறார்கள். கலைஞரோ வேறு ஊருக்குப் போகப்போகிறார். தொடர்ந்து கொடுப்பதா, நிறுத்துவதா?

பதில்: யார் பொறுப்பேற்பார்கள் என்று தெரிந்த பிறகே பதில் சொல்ல முடியும். முன்பு சொன்ன வோகன்கிளவுசூர் குழு 1993-இல் வியன்னாவில் வீடற்றவர்களுக்காக ஒரு நடமாடும் மருத்துவ வண்டியை உருவாக்கியது. ஓட்டுவது தங்கள் வேலையில்லை என்று தெரிந்து, அதை காரித்தாஸ் என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு ஏற்று நடத்தும்படி செய்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், மூன்றாம் வார்டு என்ற பகுதியில் 1993-இல் ரிக் லோவும் மற்றக் கலைஞர்களும் 22 பழைய வரிசை வீடுகளை மீட்டு உருவாக்கிய பிராஜெக்ட் ரோ ஹவுசஸ் வேறு வழியில் போனது. அங்கே கலையும் குடியிருப்பும் சேர்ந்தே வளர்ந்தன. குறைந்த வாடகை வீடுகளைக் கட்டும் வேலைக்கு மட்டும் 2003-இல் தனியாக ஒரு லாபநோக்கற்ற நிறுவனத்தை உருவாக்கினார்கள். கட்டடக் கடன், வாடகை பாக்கி, கூரை ஒழுகல் எல்லாம் ஒரு கணக்கில். கலை இன்னொரு கணக்கில். ஒன்று தள்ளாடினால் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழாது.

நீங்கள் செய்யக்கூடியது: கலைஞர் கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே உள்ளூர் ஒருங்கிணைப்பாளருக்கு முழுநேரச் சம்பளம் கொடுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டாவது கையெழுத்தை அவருக்கு மாற்றுங்கள். கட்டடம் வாங்கும் முன் பதிவு பெற்ற உள்ளூர் அமைப்பு ஒன்று இருக்க வேண்டும், பத்திரம் அதன் பெயரில் இருக்க வேண்டும். கலைஞர் பெயரிலோ உங்கள் அறக்கட்டளையின் பெயரிலோ வேண்டாம். உங்கள் பங்கை 100, 60, 30 சதவீதம் என்று மூன்று ஆண்டில் இறக்குங்கள், அட்டவணையை இன்றே அவர்கள் கையில் கொடுங்கள். படங்கள், ஒலிப்பதிவுகள், வரைபடங்கள் எல்லாவற்றின் ஒரு முழுப் பிரதி அந்த ஊரில் இருக்க வேண்டும்; பட்டியலில் பங்கேற்றவர்களின் பெயர்களை அவர்கள் விரும்பியபடி எழுதுங்கள். பதிப்புரிமை யாருக்கு என்பது முதல் ஒப்பந்தத்தில் இல்லையென்றால், கலைஞர் வண்டி ஏறுவதற்கு முன் அதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.